இங்கே ஆடு தும்ம வேண்டும்

மகனே, முகூர்த்த நாள் குறித்துப் பெண் வீட்டார் எழுதிய கடிதமும், நீ கோபமாக எழுதிய கடிதமும் ஒரே தபாலில் வந்து சேர்ந்தன. கோபத்தைத்தான் முதலில் பிரித்தேன். அழைப்பிதழில் உன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் 'மிளகு மாமா' என்று அச்சடிக்க வேண்டும் என்று உன் மாமனார் ஆசைப்படுகிறாராம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் சின்ன வயதில் மிளகு மாமா கதை இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாளாம். ஆனால் நீ அது கூடவே கூடாது என்கிறாய். அந்தக் கதைகளையும் வானொலி நாடகங்களையும் எழுதினது அம்மா, பெயரும் சால்வையும் வாங்கிக்கொண்டது அப்பா, இந்தப் பொய்யை என் கல்யாண அழைப்பிதழில் ஏற்ற மாட்டேன், வரவேற்பில் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறேன், அதற்கப்புறம் அவர் என்னோடு பேசாவிட்டாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். கோபத்திலும் உனக்குக் கையெழுத்து அப்பாவைப் போலவே அழகாக வருகிறது.

நீ போட்டு உடைப்பதற்கு முன்னால் நானே உடைத்துவிடுகிறேன். அதனால்தான் இதை உன் மாம்பலம் விலாசத்துக்கு அனுப்பாமல் மிளகு மாமா கதைகள் வருகிற பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்புகிறேன். தீபாவளி மலருக்கு ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இதையே போட்டுக்கொள்ளட்டும். குழந்தைகளே, பெரியவர்களே, மிளகு மாமா கதைகளை எழுதுவது நான்தான். சொல்லியாயிற்று. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உன் கடிதத்தில் பொய் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை. மணையில் உட்கார்ந்து உன் அப்பாவை நமஸ்காரம் செய்யும்போது அந்த வார்த்தை உன் மனசில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதற்காக எத்தனை பக்கம் எழுதினாலும் தகும்.

உனக்கு அப்போது நாலு வயது. அப்பா பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் பண்டிகசாலையில், மிளகுக் கிடங்கில், கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த எனக்கு மட்டாஞ்சேரியில் முதலில் சிநேகமானது அங்கே திரிகிற ஆடுகள்தான். சாக்குகளுக்கு நடுவில், தராசுக்குப் பக்கத்தில், யாரையும் சட்டை செய்யாமல் நிற்கும். தாடியும் அசைபோடுகிற வாயுமாகப் பார்த்தால் பெரிய மனிதர் ஒருவர் விலையை யோசிக்கிற மாதிரியே இருக்கும். நீ சோறு இறங்காமல் அடம்பிடித்த ஒரு மத்தியானம் உனக்கு ஒரு கதை கட்டினேன். வெளியூர் வியாபாரி ஒருவர் பண்டிகசாலைக்கு வருகிறார். மானேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். நாற்காலியில் ஆடு உட்கார்ந்திருக்கிறது. வியாபாரி அதையே மானேஜர் என்று நினைத்து விலை கேட்கிறார். ஆடு பதில் சொல்லவில்லை. இவர் ரொம்ப அழுத்தமான ஆள் என்று பயந்து வியாபாரி தானே விலையை ஏற்றிக்கொண்டு போகிறார். கடைசியில் மிளகுத்தூள் மூக்கில் ஏறி ஆடு தும்ம, பேரம் முடிந்தது என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். சேட் வந்து பார்க்கிறார், சரக்கு எல்லாம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது, அன்றைக்கே ஆட்டுக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நீ தட்டைக் காலி செய்துவிட்டு, மறுபடி சொல்லு என்றாய். மறுபடி மறுபடி சொன்னதில்தான் அதை எழுதிப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது.

அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், பல்லி ஓடின மாதிரி இருக்கும். உன் அப்பா அதை வாங்கி, மடிப்புக் கலையாத வெள்ளைத் தாளில் முத்து முத்தாக நகல் எடுத்துக் கொடுத்தார். பத்திரிகைக்கு அனுப்பும்போது கூடவே அவர் ஒரு கடிதமும் வைத்தார். 'இத்துடன் கதை ஒன்று, ஆடு ஒன்று, நல்ல நிலையில் அனுப்பியுள்ளோம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். பண்டிகசாலையில் சரக்கு அனுப்பினால் அப்படித்தான் எழுதுவார்கள், அந்தப் பழக்கம். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். கதையோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்துப் போட்டு, எழுதியவர் மிளகு மாமா என்று தானே ஒரு பெயரும் சூட்டி, மீசை வைத்த ஆளாக ஒரு படமும் வரையச் சொல்லிவிட்டார். பத்திரிகை வந்ததும் உன் அப்பா பதறிப்போனார். கதை தன்னுடையது இல்லை, தன் மனைவி எழுதியது, திருத்திப் போடவும் என்று அன்றைக்கே பதில் எழுதினார். அடுத்த இதழில் அந்தக் கடிதத்தையும் 'மாமாவின் குறும்பு' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார்கள். அப்போது நீ அதைப் படிக்கிற வயதில் இல்லை. முதல் தடவையே அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நான் எழுதுவேன், அவர் நகல் எடுப்பார். ஆபீஸில் நகல் எடுத்தால் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி. ஆகவே சாயங்காலம் சாயா குடித்ததும் வாசல் படியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார், நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டே என் காகிதத்தைப் பார்ப்பேன். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் சேர்த்து வாசிப்பார். 'ஆடு நாற்காலியில் உட்கார்ந்தது, கமா, கால் மேல் கால் போட்டது, முற்றுப்புள்ளி.' முகத்தில் ஈ ஆடாது. தெருவிலிருந்த கொங்கணிக் குழந்தைகள், குஜராத்திக் குழந்தைகள், மாப்பிளா முஸ்லிம் குழந்தைகள் எல்லாம் கூடிவிடும். பாதிப் பேருக்குத் தமிழ் அரையும் குறையுமாகத்தான் புரியும், ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எனக்கு ஆரம்பத்தில் ரோஷமாக இருந்தது. நான் எழுதின வேடிக்கைக்குச் சிரிக்கிறார்களா, இவர் வாசிக்கிற லட்சணத்துக்குச் சிரிக்கிறார்களா என்று. கவனித்துக் கேட்டதில் ஒன்று புரிந்தது. எங்கெல்லாம் நான் 'ஹா ஹா' என்றும் 'ஐயோ, என்ன கூத்து!' என்றும் எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் குழந்தைகள் சும்மா இருந்தன. ஆடு செய்ததை மட்டும் சொன்ன இடத்தில்தான் சிரித்தன. அன்றிலிருந்து என் ஹா ஹாக்களை எல்லாம் அடித்துவிட்டேன். எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான். உன் அப்பாவின் குரல் என் காதில் கேட்காமல் அதற்கப்புறம் நான் ஒரு வரி எழுதியதில்லை.

வானொலி சமாசாரம் உனக்கே தெரியும், ஆனால் நீ அறியாத பக்கமும் அதில் உண்டு. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மானேஜர் ஆட்டை நாடகமாக எழுதிக் கேட்டார்கள், கதை சொல்லும் மாமாவாக மாமாவே வந்து பேசட்டும் என்றார்கள். உன் அப்பா, 'நான் மாமா இல்லை, மாமாவோட ஆத்துக்காரராக்கும்' என்று பதில் போட்டார். அதற்கும் சிரித்துவிட்டு ரயில் டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். நானும் போயிருக்கலாம். உனக்கு அம்மை போட்டு அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் விட்டிருந்தது, உன்னை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. நீங்களே போய் வாசித்துவிட்டு வாருங்கள் என்று நானே பிடித்துத் தள்ளினேன். ஒலிபரப்பு நாள் சாயங்காலம் நம் தெருவிலேயே ரேடியோ இருந்த கொங்கணி டாக்டர் வீட்டில் நாமெல்லாம் கூடினோம், நினைவிருக்கிறதா? நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

நாடகம் தொடங்கியது. உன் அப்பாவின் குரல் வந்தது. 'மிளகுப் பண்டிகசாலை. கதவு திறக்கும் சத்தம். வியாபாரி இருமிக்கொண்டே நுழைகிறார்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடைப்புக்குறிக்குள் நான் நிலையத்தாருக்காக எழுதியிருந்த குறிப்புகளையும் அவர் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்! காகிதத்தில் உள்ளதை முழுக்க வாசிப்பது அவர் தர்மம். அதை வாசிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நேரடி ஒலிபரப்பு, யார் தடுப்பது? நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பேரம் நடக்கிற கட்டம் வந்தது. 'இங்கே ஆடு தும்ம வேண்டும்' என்றார். சத்தம் கொடுக்க வேண்டிய ஆள் திகைத்துப்போய் நின்றிருக்கிறார், தும்மல் வரவில்லை. கொஞ்ச நேரம் ரேடியோ சும்மா இரைந்தது. பிறகு உன் அப்பா, கீழே வேலை செய்கிறவனுக்கு ஞாபகப்படுத்துகிற அதே குரலில், 'இங்கே ஆடு தும்ம வேண்டும். இன்னும் தும்மவில்லை' என்றார். அப்புறம்தான் வந்தது பாரு ஒரு தும்மல்! நிலையத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் சிரித்த சிரிப்பு ரேடியோவில் அப்படியே கேட்டது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது எந்தொரு தமாஷா! மாமி, இங்ஙனே ஒண்ணு ஞான் கேட்டிட்டேயில்ல" என்றார், இப்படி ஒன்றை அவர் கேட்டதே இல்லையாம். நீ கம்பளியோடு தரையில் உருண்டாய்.

ஊர் திரும்பிய உன் அப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "எல்லாரும் எதுக்கு இப்படி சிரிக்கறா? நான் காயிதத்துல இருந்ததை வாசிச்சேன், அவ்வளவாக்கும்" என்றார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிக்கக் கூடாது என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "ஐயோ, உன் நாடகத்தைக் கெடுத்துட்டேனா? முன்னாடியே பறஞ்சிருக்கப்படாதோ?" என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார். ஆனால் நிலையத்திலிருந்து, இனி எல்லா நாடகத்திலும் மாமா குறிப்புகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு நான் வசனத்தைவிட அடைப்புக்குறிக்குள் எழுதுவதில்தான் அதிகம் மெனக்கெட்டேன். என் பெயரும் புகழும் என்று நீ சொல்கிறாயே, அதில் பாதி இவர் தெரியாமல் செய்த அந்தத் தப்பிலிருந்து வந்தது. படகு ஜெட்டியில் அவரைப் பார்த்தால் குழந்தைகள், "மாமா, ஆடு தும்மியோ?" என்று கத்தும். அவர் நின்று, யோசித்து, "இன்னும் இல்லை. நாளைக்கு உண்டாகும்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் படகில் ஏறுவார். பண்டிகசாலையில் அவரை அதட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் படகுத்துறையில் அவர் ஒரு ராஜா.

சினிமாவுக்குப் போன கதையையும் கேள். சினிமாவில் கதையை ஒருவர் எழுதுவார், சிரிப்பை வேறொருவர் எழுதுவார், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே தியேட்டரில்தான். அப்படிச் சிரிப்புப் பகுதி எழுத மிளகு மாமாவைக் கோடம்பாக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறை, உன்னைப் பாலக்காட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். தயாரிப்பாளர் ஆபீஸில் பெண்கள் வந்து உட்காருகிற வழக்கம் இல்லை, நான் தங்கியிருந்த இடத்திலேயே எழுதினேன். அங்கே கூட்டம் போட்டு, "மாமா, இந்த சீன்ல இன்னும் கொஞ்சம் காமெடி ஏத்தணும்" என்பார்கள். இவர், "ஆத்துல கேட்டுண்டு வந்து சொல்றேன்" என்பார். மறுநாள் புதுக் காட்சியோடு போவார். அத்தனை பேரும் அசந்துபோய், மாதச் சம்பளத்துக்கு இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார்கள். அப்போது உன் அப்பா எழுந்து நின்று, "உங்களை ஏமாத்தப்படாது. எழுதறது நான் இல்லை, என் ஆத்துக்காரி. நான் நகல் எடுக்கற ஆளாக்கும்" என்றார். தயாரிப்பாளர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, "பாருங்கய்யா, மூஞ்சிய எப்படி வச்சுக்கிட்டுச் சொல்றாரு!" என்று பக்கத்து அறையிலிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். இவரும் சொன்னாராம், மறுபடி சிரித்தார்களாம். அறைக்கு வந்து என்னிடம் ஒப்பித்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ஊரில் சிரிப்பு நடிகர் கடைசியில் குளத்தில் விழுந்தால்தான் காட்சி முடியும் என்றார்கள், எனக்கும் அலுத்துவிட்டது. நாங்கள் எழுதிய காட்சி மட்டாஞ்சேரிக் கொட்டகையில் வந்தபோது தெருவே போய்ப் பார்த்தது. எங்கள் ஆடு அதில் கழுதையாக மாறியிருந்தது.

சால்வை விஷயத்துக்கு வருகிறேன், உன் கோபம் அங்கேதான் தொடங்கியது. பத்திரிகை ஆண்டு விழாவில் மேடையில் அப்பாவுக்குச் சால்வை போர்த்திய படத்தை எர்ணாகுளம் காலேஜில் உன் நண்பன் ஒருவன் காட்டினான், நீ வந்து, "உன் பேர் எங்கே அம்மா?" என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டினார்கள். எனக்கு அன்று வலிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம், நன்றாகவே வலித்தது. பக்கத்தில் ஒரு மாமி, "உங்காத்துக்காரர் ஆத்திலயும் இப்படித்தான் சிரிக்க வைப்பாரா?" என்று வேறு கேட்டாள். மேடையில் உன் அப்பா சால்வையைக் கையில் எடுத்து, "இது தவறான விலாசத்துக்கு வந்த சரக்கு. உரியவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள்" என்றார். கூடம் அதிர்ந்தது. அத்தனை பேரும் சிரிக்கிறார்கள், அவர் மட்டும் கண் கலங்க என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வலி போய்விட்டது. ஊர் திரும்பும் ரயிலில் சால்வையை என்மேல் போர்த்தி, குளிர்கிறதா என்று கேட்டார். நம் வீட்டில் சண்டை வந்தால் யார் செய்தது, யார் பெயர் வாங்கியது என்று நாங்கள் பேசியதே கிடையாது. நீயும் அவளும் அந்தப் பேச்சை ஆரம்பிக்காமல் இருந்தால் சௌக்கியமாக இருப்பீர்கள். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் உரக்க வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

பெயருக்கு ஆசை இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. இந்தக் கடிதத்தின் தலையில் என் சொந்தப் பெயர் அச்சில் வரப்போவதை நினைத்து, இந்த வயதிலும் அதைத் தனித்தாளில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன். அழைப்பிதழில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் மிளகு மாமா என்று அடிக்கச் சொல். உன் மாமனாரும் சந்தோஷப்படுவார்.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன், கடைசியில் கொடுத்துவிட்டேன். கமாவோடு, முற்றுப்புள்ளியோடு முழுக்கப் படித்தார். பொய் என்ற இடத்தில் நின்று, அதை இன்னொரு தடவை படித்தார். எனக்கு உன்மேல் கோபமே வந்தது. ஆனால் அவர், "அவன் சொல்றது நியாயமல்லோ. நான் எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பாத்தான் போறது. மண்டபத்துல அவன் சொல்ல வேண்டாம், நானே எழுந்து சொல்றேன்" என்றார். பிறகு, வழக்கம் போல, என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடு என்றார். "இதை மட்டும் நீங்களே எழுதுங்கோன்னா" என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறார். நேற்று காட்டினார். 'இதுவரை மிளகு மாமா என்ற பெயரில் வந்தவை யாவும் என் மனைவி எழுதியவை. நான் நகல் எடுத்தேன். அதில் பிழை இருந்தால் அது என்னுடையது. அவளோடு வாழ்ந்ததில் எனக்குக் கிடைத்தது அதிகம், அதற்கு நான் ரசீது கொடுக்கவில்லை, இன்று கொடுக்கிறேன்.' கடிதங்களைத் தவிர வாழ்நாளில் அவர் தானாக எழுதினது இந்த நாலு வரிதான். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்து, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம் என்று சொன்னேன்.

ஆனால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்பது எனக்கு இப்போதே தெரியும். அவர் மைக் முன்னால் நின்று, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் அதை வாசிப்பார். முதல் வரியிலேயே கூட்டம் சிரிக்கும். உன் மாமனார் கண்ணில் நீர் வரச் சிரிப்பார், உன் பெண்டாட்டிகூடச் சிரிப்பாள், அவள் குழந்தையிலிருந்து கேட்டுச் சிரித்த குரல் அது. இந்தக் கடிதத்தைப் படித்தவர்களும், இந்த வருஷம் மாமா, மாமியாக வேஷம் கட்டி எழுதியிருக்கிறார் என்றுதான் சொல்லப் போகிறார்கள். போகட்டும். வாசித்து முடித்ததும் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். நீ எழுந்து அவர் பக்கத்தில் போ. யாருக்கும் கேட்க வேண்டாம், அவர் காதில் மட்டும், "நான் நம்பறேன் அப்பா" என்று சொல்லு.